கீழ் இலை எப்போது பழுக்கலாம்? குமரி விளையில் மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்து கொடுக்கும் முறை

மக்காச்சோளத்தின் கீழ் இலை மஞ்சளாகத் தொடங்கினால் நம் ஊரில் முதலில் கேட்கும் யோசனை ஒன்றுதான்: "எல பழுக்குது மக்கா, ரெண்டு பிடி யூரியா விதறு." இந்த யோசனை விதைத்த 30ஆம் நாளில் சரி. 85ஆம் நாளில் தவறு. இரண்டு நாளிலும் இலை ஒரே மாதிரிதான் மஞ்சளாகும், காரணம்தான் வேறு. முதல் மஞ்சள் தழைச்சத்துப் (நைட்ரஜன்) பசி. இரண்டாவது மஞ்சள், செடி தன் இலையைக் கலைத்து மணிக்கு ஊட்டுவது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி உரச் செலவும் பாதி கவலையும் குறையும்.

வாழை, தென்னை, ரப்பர், மரச்சீனி (மரவள்ளி) என்று வாழும் குமரி மாவட்டத்தில் மக்காச்சோளம் இன்னும் விருந்தாளிப் பயிர்தான். பத்து சென்ட், இருபது சென்ட் விளையில் (மேட்டு நிலத்தில்) முதல்முறை போட்டுப் பார்க்கிறவர்களுக்காக, 10 சென்டை அளவாக வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் இலைக்குள் நடப்பது

தை மாதம் குலசேகரம், திற்பரப்புப் பக்கம் போனால் ரப்பர் மரங்கள் சிவந்து உதிர்வதைப் பார்க்கலாம். உதிர்வதற்கு முன் மரம் அந்த இலையில் இருந்த தழைச்சத்தில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. கீழே விழுவது காலி வீடு. மக்காச்சோளமும் இதையேதான் செய்கிறது. ரப்பர் அதைக் கிளையில் சேர்த்துவைக்கிறது, மக்காச்சோளம் கதிருக்கு அனுப்புகிறது.

ஒரு முற்றிய இலையில் உள்ள தழைச்சத்தில் பெரும்பங்கு பசுங்கணிகங்கள் என்னும் பச்சை நுண்ணறைகளில், வெயிலைப் பிடித்து மாவாக்கும் புரதங்களாக இருக்கிறது. வயதானதும் செடி அந்தப் புரதங்களை உடைத்து, அமினோ அமிலங்களாக்கி, நரம்பு வழியே மேலே அனுப்பும். பச்சையம் மறைவது இதன் அடையாளம் மட்டும்தான். பச்சையம் உடைந்து வரும் துண்டுகள் பெரும்பாலும் அந்த இலையிலேயே தங்கிவிடும், செடி ஏற்றுமதி செய்வது புரதத்தை. அதனால் இலை மஞ்சளாகி நம் கண்ணில் படும்போது சரக்கு ஏற்கனவே வண்டியேறத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

தழைச்சத்து செடிக்குள் சுலபமாக இடம்பெயரும். ஆகவே குறைபாடு வந்தால் குருத்து பாதிக்காது, கிழ இலைதான் கொடுக்கும். நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்நோக்கி, ஆப்பு வடிவில் மஞ்சள் இறங்கும். ஓரம் கடைசிவரை பச்சையாக நிற்கும். இந்த ஆப்பு வடிவத்தை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். கீழே பலமுறை இதற்குத் திரும்ப வருவேன்.

இன்னொரு சங்கிலியையும் சொல்ல வேண்டும். இலை பச்சையாக இருக்கும்வரை சர்க்கரை செய்து வேருக்கும் அனுப்புகிறது. சர்க்கரை கிடைக்கும்வரை வேர் மண்ணிலிருந்து தழைச்சத்தை இழுக்கிறது. மண்ணில் இருப்பு தீர்ந்தால் செடி இலையை உடைக்கிறது, இலை குறைந்தால் வேருக்குச் சர்க்கரை குறைகிறது, வேர் சோர்ந்தால் வரத்து இன்னும் குறைகிறது. ஒருமுறை இந்தச் சரிவு தொடங்கிவிட்டால் மேலே எதைத் தெளித்தாலும் பெரிதாகத் திரும்பாது. நாம் செய்யக்கூடியதெல்லாம் அதற்கு முன்னால், முதல் 50 நாளில்தான்.

இடமும் பட்டமும்

முழு வெயில் வேண்டும். ரப்பர் நிழலில் போடவே வேண்டாம். தென்னந்தோப்பில் என்றால் கன்றுகளுக்கு ஏழு வயது ஆகும்வரை, அல்லது மரங்கள் இருபது வயது தாண்டி வெளிச்சம் கீழே விழும் தோப்பில் போடலாம். நிழல் விழுந்தால் கீழ் இலை உரம் இருந்தும் சீக்கிரம் பழுக்கும். அப்போது உங்கள் கணக்கு எல்லாமே குழம்பும்.

பட்டத்தைப் பொறுத்தவரை என் தேர்வு தைப்பட்டம். ஜனவரி நடுவில் விதைத்தால் மே முதல் வாரத்தில் அறுவடை. இதற்குக் கிணறோ போரோ கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பிப்ரவரிக்குப் பிறகு பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்க முடியாது. பூக்கும் காலம் மார்ச் நடு வெயிலில் வரும். அந்த மூன்று வாரம் தண்ணீர் தவறினால் உரம் இருந்தும் வேர் அதை எடுக்காது, இலை உடையத் தொடங்கும்.

ஜூன், ஜூலையில் தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று ஆளுயரச் செடியைச் சாய்த்துவிடும். ஐப்பசியில் போட்டாலோ, மழை உங்கள் யூரியாவை அடிமண்ணுக்கு இறக்கிவிடும்.

இந்தக் கடைசி விஷயம் நம் மாவட்டத்துக்கு முக்கியம். மண்ணில் விழுந்த யூரியா சில நாளில் அம்மோனியம் ஆகிறது, அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் நைட்ரேட் ஆகிறது. நைட்ரேட்டை மண் பிடித்துவைக்காது, தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே கூடப் போகும். இரண்டு பருவமழையும் பெறும் இடத்தில் இது ஆண்டில் இரண்டு முறை நடக்கிறது. நாஞ்சில் நாட்டு வயலில் தண்ணீர் கட்டிநின்றால் வேறு விதமாக இழக்கிறோம்: காற்று புகாத மண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிவிடும். உலக அளவில் தானியப் பயிருக்குப் போடும் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் (33 சதவீதம்) மணிக்குப் போய்ச் சேருகிறது என்று 1999இல் வெளியான ஒரு கணக்கு சொன்னது. நம் சரிவு விளைகளில் அதைவிடக் கூடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மண்

கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண், சரளை மண் பெரும்பாலும் புளிப்பு மண். விதைக்க மூன்று வாரம் முன்பே மண்ணைப் பரிசோதித்து, தேவையென்றால் டாலமைட் போட்டுக் கிளறிவிடுங்கள். அதில் சுண்ணாம்போடு மக்னீசியமும் சேர்ந்து வரும். யூரியா போடும் அன்றே சுண்ணாம்பு போடக் கூடாது, அம்மோனியா காற்றில் போய்விடும். பரிசோதனைக்கும் சந்தேகத்துக்கும் திருப்பதிசாரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பரிசோதனை அட்டை கையில் இருந்தால் கீழே சொல்லும் பொது அளவை விட்டுவிட்டு அதைப் பின்பற்றுங்கள்.

உரக் கணக்கு, 10 சென்டுக்கு

பாசன வசதியுள்ள வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்குப் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு தழைச்சத்து 250, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 75, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 75 கிலோ. ஒரு ஹெக்டேர் 247 சென்ட். அப்படியென்றால் 10 சென்டுக்குத் தழைச்சத்து ஏறக்குறைய 10 கிலோ, மணிச்சத்தும் சாம்பல் சத்தும் ஏறக்குறைய 3 கிலோ வீதம்.

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. பத்து கிலோ தழைச்சத்துக்கு 22 கிலோ யூரியா. ஒரு மூட்டை 45 கிலோ என்பதால் பாதி மூட்டை என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். மணிச்சத்துக்கு நான் டிஏபி வாங்குவதில்லை, சூப்பர் பாஸ்பேட் 19 கிலோ எடுக்கிறேன். அதில் கந்தகமும் இருக்கிறது, மழையில் கழுவப்பட்ட நம் மண்ணுக்கு அது வேண்டியதுதான். பொட்டாஷ் 5 கிலோ. இவற்றுக்கு முன்னால் மக்கிய சாணி உரம் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு. கோழி எரு போட்டால் அதில் தழைச்சத்து சாணியைவிடப் பல மடங்கு அதிகம், யூரியாவை அதற்குத் தக்கபடி குறையுங்கள்.

யூரியாவை மூன்றாகப் பிரிக்க வேண்டும். கால் பங்கு, அதாவது ஐந்தரை கிலோ, விதைக்கும்போது அடியுரமாக, சூப்பர், பொட்டாஷ் முழுவதோடும். பாதி, 11 கிலோ, 25ஆம் நாளில். மீதி ஐந்தரை கிலோ 45ஆம் நாளில். இரண்டாவது தவணை பெரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எட்டு இலை விரிந்த நிலையிலிருந்து ஆண் பூ வரும்வரை செடி அசுர வேகத்தில் தழைச்சத்தை உறிஞ்சும். கதிரின் நுனியில் பட்டு நூல் வெளியே வரும்போது மொத்தத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு உள்ளே போயிருக்கும்.

இரண்டடி வரிசை, செடிக்குச் செடி முக்காலடிக்கும் சற்று அதிகம் (60க்கு 25 சென்டிமீட்டர்) என்று வைத்தால் 10 சென்டில் சுமார் 2,700 செடி நிற்கும். 11 கிலோவை அதற்குப் பிரித்தால் செடிக்கு 4 கிராம். ஒரு தேக்கரண்டி. இவ்வளவுதானா என்று தோன்றும், இவ்வளவுதான். கைப்பிடியால் விதறுகிறவர் ஒரே வீச்சில் பத்துச் செடியின் பங்கை ஒரு இடத்தில் கொட்டுகிறார்.

போடும் முறை: செடியிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, இரண்டு அங்குல ஆழத்துக்குக் கம்பாலோ களைக்கொத்தாலோ கீறி, யூரியாவை இட்டு, மண்ணை மூடி, அப்படியே வரிசைக்கு மண் அணைத்துத் தண்ணீர் விடுங்கள். மேலே கிடக்கும் யூரியா வெயிலில் வாயுவாகிப் போகும். குருத்துக்குள் விழுந்தால் இலை கருகும். அன்று பெருமழை அறிகுறி இருந்தால் இரண்டு நாள் பொறுங்கள்.

சாட்சி வரிசை

எனக்கு மிகவும் உதவியது இந்த ஒரு பழக்கம். யாரும் தவிர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நடுவில் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் யூரியாவை ஒன்றரை மடங்காகப் போடுங்கள். இன்னொரு வரிசைக்கு அடியுரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே நாலைந்து சாதாரண வரிசைகள் இருக்கட்டும், இரண்டு தலைப்பிலும் சிவப்புத் துணி கட்டுங்கள். முதல் வரிசை, நான் நிறை வரிசை என்று சொல்வது, இந்த மண்ணில் இந்த விதைக்கு வயிறு நிறைந்தால் என்ன நிறம் என்பதைக் காட்டும். இரண்டாவது, உங்கள் மண் தானாக எவ்வளவு தருகிறது என்பதைக் காட்டும்.

45ஆம் நாள் காலையில், வெயில் உங்கள் முதுகில் இருக்கும்படி, உடல் நிழல் இலைமேல் விழ நின்று பாருங்கள். தண்டோடு சேரும் கழுத்துப் பகுதி வெளியே தெரியும் மேல் இலைதான் பார்க்க வேண்டியது. குருத்தைப் பார்க்காதீர்கள், அது எப்போதும் வெளிறித்தான் இருக்கும். பத்துச் செடி பாருங்கள். நிறை வரிசைக்கும் மற்ற வரிசைக்கும் நிற வேறுபாடு தெரியவில்லை என்றால் மூன்றாவது தவணையைப் பாதியாக்கலாம். வேறுபாடு கண்ணில் அடித்தால் முழுவதையும் அன்றே போடுங்கள். நெல்லுக்குப் பயன்படுத்தும் இலை வண்ண அட்டை இருந்தால் ஒரே இலையின் நடுப்பகுதியை வாரம் ஒருமுறை ஒப்பிட்டுக் குறித்துவைப்பதும் நல்லது.

மஞ்சளை வாசிப்பது

முதலில் எண்ணத் தெரிய வேண்டும். மக்காச்சோளத்தின் முதல் இலை நுனி வட்டமாக இருக்கும், மற்றவை கூர்மையாக இருக்கும். அதிலிருந்து எண்ணி ஐந்தாம் இலையில் ஒரு நூலையும் பத்தாம் இலையில் ஒரு நூலையும் கட்டிவிடுங்கள், பத்துச் செடியில் போதும். ஏனென்றால் முதல் நாலு இலை தண்டு பருக்கும்போது தானே கிழிந்து காணாமல்போகும். பிறகு எண்ணினால் தப்பாகும்.

பூக்கும் முன் கீழ் இலையில் ஆப்பு வடிவ மஞ்சள், அது வாரத்துக்கு ஓர் இலை என்று மேலேறுகிறது: தழைச்சத்துப் பசி. தயங்காமல் போடுங்கள்.

கீழ் இலையில் ஓரம் மட்டும் மஞ்சளாகிக் கருகுகிறது, நடு நரம்பு பச்சை: இது சாம்பல் சத்துக் குறைவு, ஆப்புக்கு நேர் எதிர். கீழ் இலையில் நரம்பு பச்சையாகவும் நரம்பிடைக் கோடுகள் வெளுத்தும் நீளவாக்கில் வரி வரியாக இருந்தால் மக்னீசியம். நம் புளிப்பு மண்ணில் யூரியாப் பசி என்று தவறாக எண்ணப்படுவது பெரும்பாலும் இதுதான் என்பது என் அனுபவம். யூரியா போட்டும் பச்சை திரும்பவில்லை என்று சொல்கிறவர்களின் விளையில் நான் முதலில் இந்த வரியைத்தான் தேடுவேன். வெளுப்பு கீழே இல்லாமல் இளம் இலையில் இருந்தால் கந்தகம், இரும்பு, துத்தநாகம் என்று வேறு பக்கம் போக வேண்டும். குருத்தை ஒட்டிய இலையின் அடிப்பாகத்தில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் துத்தநாகம். இளஞ்செடி கருஞ்சிவப்பாக நின்றால் மணிச்சத்து, அல்லது வேருக்கு வேறு ஏதோ கஷ்டம். சுருட்டு வடிவச் சாம்பல் நிறப் புண்கள் இருந்தால் அது வயதும் அல்ல, பசியும் அல்ல, இலைக்கருகல் நோய்.

பட்டு நூல் வந்த பிறகு

இப்போது அளவுகோல் மாறுகிறது. கதிர் உட்கார்ந்திருக்கும் கணுவின் இலையை நடுவாக வையுங்கள். மணியை நிரப்புவது பெரும்பாலும் அந்த இலையும் அதற்கு மேலே உள்ளவையும்தான். கீழ் இலைகள் வேருக்குக் கஞ்சி ஊற்றும், பிறகு விடைபெறும்.

நான் பார்க்கும் அளவு இது. பட்டு வந்த அன்று கதிருக்குக் கீழே குறைந்தது நாலு இலை முழுப் பச்சையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 45ஆம் நாள் தவணை போதவில்லை. இருபது நாள் கழித்து, மணியைக் கீறினால் பால் வரும் நிலையில், அடியில் மூன்று நாலு இலை காய்ந்திருப்பது இயல்பு, கதிர் இலை மட்டும் பச்சையாக இருக்க வேண்டும். அப்போதே கதிர் இலையில் ஆப்பு விழுந்திருந்தால் கதிரின் நுனி நிரம்பாது, செடி தண்டிலிருந்தும் சத்தை உருவிக்கொள்ளும், தண்டு பலவீனமாகிக் காற்றில் சாயும். மாவு இறுகிய பிறகு மஞ்சள் மேலே ஏறினால் நிம்மதியாக விடுங்கள். அது நடக்க வேண்டிய வேலை.

பால் பருவத்துக்குப் பிறகு மண்ணில் யூரியா வேண்டாம். இரண்டாம் வருடம் நான் 75ஆம் நாளில் 6 கிலோ போட்டேன். மேல் இலை அறுவடைவரை கரும்பச்சையாக நின்றது, கதிர் எடை பக்கத்து வரிசையைவிட ஒரு கைப்பிடிகூட ஏறவில்லை. தெளிப்பதைப் பற்றியும் கேட்பார்கள். பத்து லிட்டருக்கு 200 கிராம் யூரியா கலந்தால் அதில் 92 கிராம் தழைச்சத்து. 10 சென்டில் 250 கிலோ மணி விளைந்தால் அந்த மணிக்குள் இருப்பது சுமார் மூன்றரை கிலோ தழைச்சத்து. பட்டு வரும் சமயத்தில் ஒரு கைத்தாங்கலாகத் தெளிக்கலாம், மண்ணில் விட்டதை அது ஈடுகட்டாது.

விதைக்கடையில் "அறுப்புவரைக்கும் பச்சையா நிக்கும்" என்று ஒரு ரகத்தைக் காட்டினால், பச்சை எதற்காக நிற்கிறது என்று கேளுங்கள். இலை கடைசிவரை வேலைசெய்து நின்றால் நல்லது: மணி நிரம்பும், தண்டு உறுதியாக இருக்கும், சோளத்தட்டை மாட்டுக்கு ருசிக்கும். சில ரகங்களில் பச்சையம் உடையாமல் நிறம் மட்டும் தங்கும், உள்ளே வேலை நின்றிருக்கும். இன்னும் சிலவற்றில் இலை தன் தழைச்சத்தை விடாமல் வைத்துக்கொள்வதால் மணியில் புரதம் சற்றுக் குறையும். கதிர் பிடிக்காத மலட்டுச் செடி சிவந்தோ பச்சையாகவோ நிற்பதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். சர்க்கரை போக இடமில்லாமல் நிற்கும் செடி அது.

அறுவடையும் அதற்குப் பின்னும்

இலை நிறத்தைப் பார்த்து அறுக்க வேண்டாம். கதிரின் நடுவிலிருந்து ஒரு மணியைப் பிடுங்கி, கட்டையில் ஒட்டியிருந்த முனையை நகத்தால் சுரண்டுங்கள். கறுப்புப் படலம் தெரிந்தால் மணிக்குள் இனி எதுவும் போகாது. அன்றே மூன்று வரிசையிலும் பத்துப் பத்துக் கதிரை உரித்துத் தனித்தனியே எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். நிறை வரிசையும் சாதாரண வரிசையும் ஒரே எடை என்றால் அடுத்த தையில் மொத்த யூரியாவை இரண்டு மூன்று கிலோ குறைத்துத் தொடங்கலாம். அடியுரம் மட்டும் பெற்ற வரிசையே முக்கால் எடை தந்திருந்தால் உங்கள் சாணி உரம் நன்றாக வேலைசெய்கிறது.

தட்டையை மாட்டுக்குப் போடும் முன் ஒரு கவனம். தண்ணீரில்லாமல் கடும் காய்ச்சலில் நின்ற பயிருக்கு யூரியா போட்டு, பிறகு மழை பெய்து தளிர்த்திருந்தால், அடித்தண்டில் நைட்ரேட் தேங்கியிருக்கும். அது மாட்டுக்கு ஆபத்து. ஒரு வாரம் கழித்து, அடியில் ஒரு முழம் விட்டு அறுத்து, வைக்கோலோடு கலந்து கொஞ்சமாகக் கொடுங்கள்.

மண்ணில் மிஞ்சிய நைட்ரேட் ஜூன் மழையில் போய்விடும். நான் தட்டை அறுத்த வாரமே அந்த வரிசைகளில் மரச்சீனிக் கம்பு நட்டுவிடுகிறேன். மழை இறங்கும்போது அதன் வேர் ஏற்கனவே மண்ணுக்குள் இருக்கும்.